பெயர் மாறலாம், எண் மாறாது: பி.எஃப். கணக்கு பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பி.எஃப். இணையதளத்தில் தொழிலாளியின் லாகின் பெயர் அவருடைய யு.ஏ.என். (யுனிவர்சல் அக்கவுண்ட் நம்பர்) எண்தான். 12 இலக்கம் கொண்ட இந்த எண்ணைத் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் 2014-இல் கொண்டுவந்தது. 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்ட காலம் முதல் ராஜபாளையம் வட்டாரத்தில் நூற்பாலை வேலை பரவியது. செட்டியார்பட்டி போன்ற ஊர்களிலிருந்து மில்லுக்குப் போகிறவர்கள் ஒரு மில்லை விட்டு இன்னொன்றில் சேருவதும் வழக்கம்தான். அப்போது பெயரிலோ எண்ணிலோ நேரும் பிசகு, பல வருட உழைப்பின் பணத்தை முடக்கிவிடும்.

நம்பிக்கை: மில் மாறினால் யு.ஏ.என். எண்ணும் மாறும்.

உண்மை: யு.ஏ.என். ஆயுளுக்கும் ஒன்றே. ஒவ்வொரு மில்லிலும் புதிதாகக் கிடைப்பது மெம்பர் ஐ.டி. மட்டும். பழைய எண்ணைச் சொல்லாமல் சேர்ந்து இரண்டாவது யு.ஏ.என். உருவாகிவிட்டால் சர்வீஸ் இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒரு மில்லில் 6 வருடம், அடுத்ததில் 5 வருடம் வேலை பார்த்தவருக்கு, சேர்த்துக் கணக்கிட்டால் 11 வருடம். மாதப் பென்ஷனுக்குத் தேவையான 10 வருடம் நிறைவாகிவிடும். தனித்தனியாகக் கிடந்தால் எதுவுமே 10-ஐ எட்டாது. பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றக் கோரினால் இரண்டும் ஒன்றாகும்.

நம்பிக்கை: கல்யாணம் ஆனதும் பெண்கள் புது எண் வாங்க வேண்டும், பெயரையும் மாற்றியே ஆகவேண்டும்.

உண்மை: இரண்டும் தேவையில்லை. ஆதாரில் அப்பாவின் இனிஷியலே இருந்தால் பி.எஃப். கணக்கிலும் அதுவே தொடரலாம். திருமண நிலையை மட்டும் திருத்தி, நாமினேஷனைப் புதிதாகப் பதிய வேண்டும்.

நம்பிக்கை: இனிஷியல் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் ஒன்றுதான்.

உண்மை: கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஆதாரில் ‘முத்துலட்சுமி மா’, பான் கார்டில் ‘மாரியப்பன் முத்துலட்சுமி’, மில் பதிவேட்டில் ‘மா. முத்துலெட்சுமி’ என்று மூன்று விதமாக இருந்தால் சரிபார்ப்பு தடைபடும். ஆதாருடன் இணைந்த யு.ஏ.என்.-க்கு மட்டுமே மில் நிர்வாகம் மாதாந்திரக் கணக்குத் தாக்கல் செய்ய முடியும் என்ற விதி 2021 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே முதலில் ஆதாரைச் சரிசெய்து, பிறகு மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுவதே முறை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் ஆங்கில எழுத்துக்கூட்டலை முன்கூட்டியே முடிவுசெய்வது நல்லது.

நம்பிக்கை: டைம் ஆபீஸ் கையெழுத்து இல்லாமல் பெயரைத் திருத்தவே முடியாது.

உண்மை: 2025 ஜனவரியில் இந்த நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஆதார் சரிபார்ப்பு முடிந்தவர்கள் இணையதளத்தின் ‘ஜாயிண்ட் டிக்ளரேஷன்’ வழியாகப் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் போன்றவற்றைத் தாங்களே திருத்தலாம். 2017 அக்டோபர் 1-க்கு முன் யு.ஏ.என். பெற்றவர்களுக்குச் சில திருத்தங்களில் மில் நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். மில் மூடப்பட்டிருந்தால், கெஜட்டட் அதிகாரி போன்ற அங்கீகரிக்கப்பட்டவரின் சான்றொப்பத்துடன் பி.எஃப். அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

நம்பிக்கை: மில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பெயரை மாற்றினால் பி.எஃப்.-இலும் மாறிவிடும்.

உண்மை: இரண்டும் தனித்தனிப் பதிவுகள், ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் தானாகப் போய்ச் சேராது. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: பெயர் மாறினாலும் கணக்கு மாறாது. கம்பெனியின் விண்டோஸ் நெட்வொர்க்கில் ஊழியரின் பயனர் பெயரை மாற்றினாலும், கணக்கின் உள் அடையாள எண்ணும் அனுமதிகளும் அப்படியே இருக்கும். கூகுள் வொர்க்ஸ்பேஸில் பெயர் மாற்றிய பிறகும் பழைய மின்னஞ்சல் முகவரிக்கு வரும் கடிதம் அதே பெட்டிக்குத்தான் வரும். பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் திறப்பதே தவறு. அது அனுமதிகளையும் கோப்புகளையும் இழக்கச் செய்யும்.

நம்பிக்கை: பாஸ்வேர்டு மறந்துபோனால் கணக்கே போய்விடும்.

உண்மை: யு.ஏ.என். எண்ணும் ஆதாருடன் இணைந்த மொபைலும் இருந்தால் ஓ.டி.பி. மூலம் புதிய பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம். மொபைல் எண் மாற்றியவர்கள் முதலில் ஆதாரில் புதிய எண்ணைப் பதிய வேண்டும். பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் பிறரிடம் சொல்லக் கூடாது. பிரவுசிங் சென்டரில் உதவி கேட்கும்போதும் அவற்றைத் தொழிலாளியே தட்டச்சு செய்ய வேண்டும்.