வலைப்பக்க வரைபில் சொல்லின் அகலத்தை அளத்தல்



எமது வகுப்பில் ஒருமுறை பரிசுச் சான்றிதழ்களை வலைப்பக்கமாகத் தயாரித்து அச்சிட்டோம். பெயர் எழுத ஒரு பெட்டி வரைந்து, "ஓர் எழுத்துக்கு 12 பிக்சல் போதும்" என நானே கணக்கிட்டேன். ஒரு மாணவியின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயின. பிழை கணினியுடையது அன்று, எனது கணக்கினுடையது. அப்பிழையைத் தவிர்க்கும் வழியை இங்கு கற்போம்.

1. எண்ணிக்கை வேறு, அகலம் வேறு

"யாழ்ப்பாணம்" என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம்.

• தமிழ் இலக்கணப்படி எழுத்துகள்: 6 (யா, ழ், ப், பா, ண, ம்)
• ஜாவாஸ்கிரிப்ட் காட்டும் நீளம்: 11

ஒருங்குறியில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். ஆனால் புள்ளி எழுத்தின் மேலே அமர்வதால் பொதுவாகப் பக்கவாட்டில் இடம் பிடிப்பதில்லை. மேலும் "ர" ஒடுக்கமானது, "ண" அகலமானது. எனவே 6 ஐயோ 11 ஐயோ 12 ஆல் பெருக்கினால் சரியான அகலம் கிடைக்காது. எழுத்துருவை அறிந்த இணைய மேலோடியிடமே அகலத்தைக் கேட்க வேண்டும்.

2. அளக்கும் முறைகள்

(அ) கன்வஸ்: முதலில் எழுத்துருவையும் எழுத்தளவையும் குறிப்பிடுக. பின்னர் மெஷர்டெக்ஸ்ட் என்னும் செயற்பாட்டுக்குச் சொல்லைக் கொடுக்க, அகலம் பிக்சலில் கிடைக்கும்.

(ஆ) எஸ்விஜி: கெட்கம்பியூட்டட்டெக்ஸ்ட்லெந்த் என்னும் செயற்பாடு சொல்லின் நீளத்தைத் தரும். சொல் பக்கத்தில் காட்சிப்படுத்தப்பட்டிருத்தல் வேண்டும்.

(இ) சாதாரண வலைப்பக்கம்: சொல்லை ஸ்பான் ஒன்றினுள் இட்டு அதன் ஆஃப்செட்வித் பெறுமானத்தை வாசிக்கலாம். இது முழு எண்ணாக்கப்பட்ட விடையையே தரும்.

3. மாணவர் விடும் தவறுகள்

• எழுத்துருவைக் குறிப்பிடாமல் கன்வஸில் அளத்தல். அப்போது 10 பிக்சல் அளவுள்ள இயல்பு எழுத்துருவிலேயே அளக்கப்படும்.
• இணையத்திலிருந்து வரும் எழுத்துரு வந்துசேர முன்னர் அளத்தல். அப்போது மாற்று எழுத்துருவின் அகலமே கிடைக்கும். எழுத்துரு ஏற்றப்படும்வரை காத்திருந்து அளக்க வேண்டும்.
• ஓர் அளவில் அளந்து வேறோர் அளவில் எழுதுதல்.

4. செய்கை உதாரணம்

பெட்டியின் அகலம் 140 பிக்சல். இரு பக்கமும் 10 பிக்சல் வீதம் இடைவெளி விடப்படுகிறது. 20 பிக்சல் எழுத்தளவில் பெயரின் அகலம் 150 பிக்சல் என மெஷர்டெக்ஸ்ட் தருகிறது. பொருத்தமான எழுத்தளவு யாது?

பயன்படுத்தக்கூடிய அகலம் = 140 − 20 = 120
அகலம் எழுத்தளவுக்கு ஏறத்தாழ நேர்விகிதசமன் என்பதால்,
புதிய எழுத்தளவு = 20 × 120 ÷ 150 = 16 பிக்சல்

16 பிக்சலில் மீண்டும் அளந்து உறுதிசெய்க. "ஏறத்தாழ" என்ற சொல்லை மறவாதீர்கள்.

5. அல்கோரிதம்

படி 1: எழுத்துரு ஏற்றப்படும்வரை காத்திருக்க.
படி 2: எழுத்தளவை 20 என வைக்க.
படி 3: பெயரின் அகலத்தை அளக்க.
படி 4: அகலம் 120 இலும் கூடியதாயின் படி 5 க்குச் செல்க; இன்றேல் பெயரை எழுதி முடிக்க.
படி 5: எழுத்தளவு 12 ஆயின் பெயரை இரு வரிகளாகப் பிரித்து எழுதி முடிக்க, இன்றேல் எழுத்தளவில் 1 ஐக் குறைத்துப் படி 3 க்குச் செல்க.

பயிற்சி

1. "காலி", "கண்டி", "மட்டக்களப்பு" ஆகியவற்றின் தமிழ் எழுத்து எண்ணிக்கையையும் ஜாவாஸ்கிரிப்ட் நீளத்தையும் தருக.
(விடை: 2, 4, 3, 5, 8, 12)

2. மேலுள்ள அல்கோரிதத்தில் படி 5 இன் நிபந்தனை இல்லாவிடின் மிக நீண்ட பெயருக்கு யாது நிகழும்?
(விடை: எழுத்து வாசிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும்.)

அடுத்த முறை சான்றிதழ்களை அளந்தே அச்சிட்டோம். அம்மாணவிக்கும் புதிய சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தோம், முழுப் பெயருடன். நீங்களும் ஊகிக்காது அளந்து எழுதப் பழகுங்கள்.