பெயர் அறியாதவர்களின் திருநாள்

கட்கி, புனே
அக்டோபர் 28

அன்புள்ள தங்கை மகளுக்கு, மாமா எழுதுவது.

சென்ற கோடை விடுமுறையில் நீ இங்கு வந்திருந்தபோது, கட்கியில் ஒரு பழைய கோயிலின் வாசலில் நின்று, "நம் தூத்துக்குடிப் பக்கம் ஒவ்வொரு கோயிலும் ஒருவர் பேரில் இருக்கிறதே மாமா, இது மட்டும் ஏன் எல்லோர் பேரிலும் இருக்கிறது?" என்று கேட்டாய். அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நவம்பர் முதல் தேதி நெருங்குகிற இவ்வேளையில், அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கடிதம்.

நீ கண்ட ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் ஆங்கிலேயர் காலத்தது. இன்று வட இந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. நாம் கத்தோலிக்கர். எனினும் அக்கோயில் எந்தத் திருநாளின் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, நவம்பர் முதல் தேதியில் வரும் அந்தத் திருநாள் இரு சபையாருக்கும் பொதுவானது. இப்போது உன் பூசைப் புத்தகத்தில் 'புனிதர் அனைவர்' பெருவிழா என்று அச்சிட்டிருக்கும். உன் பாட்டியின் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினாயானால், 'சகல அர்ச்சியசிஷ்டவர்களுடைய திருநாள்' என்று காண்பாய். அர்ச்சிக்கத் தக்கவரும் சிஷ்டர், அதாவது ஒழுக்கத்தால் உயர்ந்தவரும் எவரோ, அவரே அர்ச்சியசிஷ்டவர். நாவுக்குச் சற்றே கடினமான அந்தச் சொல்லை இன்று கைவிட்டோம். அதன் கம்பீரத்தையும் கூடவே இழந்தோம் என்பது என் கருத்து. அதற்கும் முன்னர், புனிதரைக் குறிக்கப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல்லையே நம்மவர் தமிழ்ச் செவிக்கு இசையத் திரித்து வழங்கினர். சந்தியாகப்பர், சென்னைச் சாந்தோம் என்னும் பெயர்களில் அந்த ஒலி இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்காலத்திலேயே, உங்கள் ஊருக்குத் தெற்கே புன்னைக்காயலில் 1586ஆம் ஆண்டு அண்டிரிக் பாதிரியார் தமிழில் அச்சிட்ட பெருநூலே புனிதர்களின் வாழ்க்கைத் தொகுப்புதான். 'அடியார் வரலாறு' என்று இன்று அறியப்படுவது அதுவே.

இனித் திருநாளின் சரித்திரத்துக்கு வருகிறேன். ஆதியில் திருச்சபை, விசுவாசத்துக்காக உயிர் நீத்த வேதசாட்சிகளை, அவரவர் இறந்த தேதியில் அவரவர் கல்லறை அருகே நினைவுகூர்ந்தது. கொலையுண்டோர் தொகை பெருகப் பெருக, ஆண்டின் நாட்கள் போதாமற்போயின. பலருடைய பெயரைச் சொல்வதற்கே ஆளில்லாமற்போயிற்று. ஆகவே எல்லோருக்கும் பொதுவான ஒரு நாள் தேவைப்பட்டது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமாபுரியில் தேவர்கள் அனைவருக்கும் உரியதாயிருந்த பாந்தியோன் என்னும் பழைய ஆலயத்தை, நான்காம் போனிபாஸ் பாப்பரசர் ஒரு மே 13ஆம் தேதியன்று தேவமாதாவுக்கும் சகல வேதசாட்சிகளுக்கும் அர்ப்பணித்தார். எட்டாம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரியார், ராயப்பர் (பேதுரு) பேராலயத்துக்குள் சகல புனிதர்கள் பேரிலும் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 835ஆம் ஆண்டில் நான்காம் கிரகோரியாரின் காலத்தில் நவம்பர் முதல் தேதி மேற்குத் திருச்சபையில் உறுதிபெற்றது. கேரளத்துச் சீரோ மலபார் சபையாரோ, பாஸ்காவை அடுத்து வரும் வெள்ளிக்கிழமையிலேயே இதை அனுசரிக்கின்றனர். உயிர்த்தெழுதலின் ஒளியிலேயே புனிதர்களைக் காண்கின்ற அந்த வழக்கம் என் மனத்துக்கு மிகவும் உகந்தது.

உன் பள்ளித் தோழிகள் பேய்முகமூடி அணியும் அக்டோபர் 31ஆம் நாளின் 'ஹாலோவீன்' என்ற பெயரும், பழைய ஆங்கிலத்தில் 'புனிதர் அனைவர் திருநாளின் முன்மாலை' என்பதன் சிதைவுதான்.

இந்நகரில் முப்பது ஆண்டுகளாக வாழும் எனக்கு, இத்திருநாளின் பொருளை உணர்த்தியவை வேத புத்தகங்கள் மாத்திரமல்ல. ஆஷாட ஏகாதசியை முன்னிட்டு ஆளந்தியிலிருந்து மராத்தி அடியார் ஞானேசுவரரின் பாதுகைகளும், தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளும் பல்லக்கில் ஏறிப் புனே வழியே பண்டரிபுரம் செல்லும்போது, பின்னால் மழையில் நனைந்தபடி தாளமிட்டு நடக்கின்ற பெருந்திரளை நான் சாலையோரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். துக்காராமை இவ்வூரார் 'சந்த்' என்பர்; மராத்திக் கிறிஸ்தவர்கள் தம் புனிதர்களையும் அவ்வாறே அழைப்பர். லத்தீனத்துச் 'சாங்க்துஸ்' என்னும் சொல்லோடு இது ஒலியில் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றெனக் கொள்ளாதே. லத்தீனச் சொல் கடவுளுக்கென்று பிரித்து வைக்கப்பட்டவரைக் குறிக்கும். 'சந்த்' என்பதோ 'சத்' என்னும் வேரிலிருந்து பிறந்து, மெய்யில் நிலைத்தவரைக் குறிக்கும். வேர் வேறானாலும், இரண்டும் ஒருவர்மேலேயே பொருந்திவரக் கண்டால் அவர் உண்மையிலேயே பெரியவர்.

பெயர் அறியாத அடியாரையும் சேர்த்து வணங்கும் உணர்வு நம் தமிழ்நாட்டிலும் புதிதன்று. சுந்தரமூர்த்தி நாயனார் தம் திருத்தொண்டத் தொகையில் தனியடியார்களைப் பெயர் சொல்லி வணங்கியதோடு அமையாமல், பெயர் கூறாத ஒன்பது தொகையடியார்களையும் வணங்கினார்; தமிழ்நாட்டுக்கு அப்பாலும் தம் காலத்துக்கு அப்பாலும் இறைவனடி சார்ந்தோரைக்கூட அவர் விட்டுவிடவில்லை. ஒரு பட்டியல் எழுதி முடித்த பின்னர், அது முடிவு பெறாதது என்று அறிந்திருப்பதே பக்தியின் பணிவு. நம் திருச்சபையின் பட்டியலும் அத்தகையதே. நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளை விசுவாசத்துக்காக 1752இல் சுடப்பட்டு இறந்தார். அவருக்குப் புனிதர் பட்டம் 2022ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. இடையிலிருந்த 270 ஆண்டுகளும் அவர் நவம்பர் முதல் தேதிக்கு உரியவராகவே இருந்தார் அல்லவா? சின்னப்பர் (பவுல்) தம் நிருபங்களில் கொரிந்தியரையும் பிலிப்பியரையும், அதாவது கடைவீதியிலும் துறைமுகத்திலும் பாடுபட்டுப் பிழைத்த உயிருள்ள மனிதர்களையே, பரிசுத்தவான்கள் என்று விளித்தார் என்பதையும் மறவாதே.

எங்கள் சிறுவயதில் கடற்கரைத் தெருவில் ஒரு கிழவி இருந்தாள். வைசூரி கண்ட வீடுகளுக்குள் பெற்றவர்களே நுழைய அஞ்சிய நாட்களில், கஞ்சிக் கலயத்தோடு அவள் நுழைவாள். இறந்தவர்களைக் குளிப்பாட்டிக் கிடத்தவும் அவளே போவாள். எனக்கும் உன் அம்மாவுக்கும் அவள் 'கஞ்சிப் பாட்டி'தான். நவம்பர் முதல் தேதிப் பூசையில் அவளைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். அவளுடைய ஞானஸ்நானப் பெயர் என்னவென்று கோயில் புத்தகத்தில் பார்த்து, அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது.