சுமார் என்றால் நல்லதா, மோசமா?

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மாஸ்டர் ஒரு துணியைப் பார்த்து "சுமாருங்க" என்றால், நல்லது என்கிறாரா, மோசம் என்கிறாரா? "சுமார் நூறு பீஸ்" என்பதும் இதே சொல்தானா?
– வாசகி, மண்ணரை

பதில்: ஒரே சொல்தான் அம்மா. பாரசீகத்தில் 'ஷுமார்' என்றால் எண்ணிக்கை, கணக்கு. உருதுவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இன்றும் 'மர்தும் ஷுமாரி' என்றே சொல்கிறார்கள். தமிழுக்கு வந்ததும் அது துல்லியத்தை இழந்துவிட்டது. எண்ணுக்கு முன்னால் நின்றால் 'ஏறக்குறைய'; தரத்தைச் சொன்னால் 'நடுத்தரம்'.

அகராதிப்படி நடுத்தரம்தான். பேச்சில் அது கீழே சரிந்துவிட்டது. "பரவாயில்லை" என்றால் ஏற்றுக்கொள்கிறோம். "சுமார்" என்றால் மனம் ஒப்பவில்லை. 'மட்டம்' என்று முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் மாஸ்டரும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் செக்கிங் மேசையில் இந்தச் சொல் போதாது. ஏற்றுமதியில் பரவலாக இருக்கும் ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 அளவுகோலில், பொதுவான ஆய்வு நிலைப்படி, 2,000 பீஸ் கொண்ட லாட்டில் 125 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். 7 குறை வரை லாட் தேறும். 8 என்றால் தேறாது. இடையில் 'சுமார்' என்றொரு தட்டே கிடையாது. தேறாத சரக்கு செகண்ட்ஸாகத் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தைக்குப் போனால் அடிபடுவது எல்லோருடைய உழைப்பும்தான். அதனால் மாஸ்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: ஊசிக்கோடா, எண்ணெய்க் கறையா, நிற வேறுபாடா? அந்தப் பெயரையே சீட்டில் எழுதுங்கள்.