நீர்க்காகம் பெருந்தீனிக்காரனா?

சோற்றை அள்ளி அள்ளித் தின்பவரை நம் ஊரில் எப்படிச் சொல்கிறோம்? "பகாசுரன்" என்கிறோம். தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டாரும் "பகாசுருடு" என்கிறார்கள். பகாசுரன் பாரதக் கதையில் வரும் அரக்கன். வண்டி நிறையச் சோறு கேட்டான். வண்டி ஓட்டி வந்த ஆளையும் தின்றான். கடைசியில் பீமன் அவனைக் கொன்றான்.

'பகம்' என்ற வடசொல்லுக்குக் கொக்கு என்று பொருள். பாவம், கொக்கு!

ஆங்கிலத்திலும் ஒரு பறவைக்கு இந்தக் கெட்ட பெயர் உண்டு. அதன் பெயர் கார்மரண்ட். பெருந்தீனி தின்பவரையும் பேராசைக்காரரையும் அப்படிச் சொல்வார்கள். 'கடல் காகம்' என்ற பழைய லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. நாம் அதை நீர்க்காகம் என்கிறோம். ஆனால் அது காக்கை இனம் அல்ல.

திருப்பதி மாவட்டத்தில், சூலூர்பேட்டைக்கு அருகே நேலப்பட்டு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கூழைக்கடாக்களோடு நீர்க்காகங்களும் கூடு கட்டும்.

நீர்க்காகம் மூழ்கி மீன் பிடிக்கும். மீனின் தலையை முதலில் விழுங்கும். அப்போதுதான் செதில், முள் தொண்டையில் குத்தாது. வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகு நனையும். நனைந்தால் மூழ்குவது எளிது. பிறகு சிறகை விரித்து வெயிலில் காய வைக்கும்.

பெரிய நீர்க்காகத்தின் எடை 2 முதல் 3 கிலோ. ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரைக் கிலோ மீன் தின்னும். குளிர்ந்த நீரில் நாள்தோறும் மூழ்கும் உடம்புக்கு அது வேண்டும். பகல் முழுதும் குனிந்து நாற்று நட்ட பெண் இன்னொரு கை சோறு கேட்டால் அவளைப் பகாசுரன் என்போமா?

ஜப்பானில் கிஃபு நகரத்து ஆற்றில் நீர்க்காகத்தை வைத்து மீன் பிடிக்கிறார்கள். பெரிய மீனை விழுங்க முடியாதபடி அதன் கழுத்தில் கயிறு கட்டுவார்கள். பிடித்த மீனை மனிதர் எடுத்துக் கொள்வார். இதில் பேராசைக்காரர் யார்?

"ஏரி மீனை எல்லாம் தின்று விடுகிறதே" என்று சிலர் கோபப்படலாம். ஆனால் அதன் எச்சம் ஏரி நீரில் கலக்கிறது. அந்த நீர் வயலுக்கு உரம். வேடந்தாங்கல் விவசாயிகள் இதை அன்றே அறிந்திருந்தார்கள். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இல் பறவைகளைக் காக்க உத்தரவு வாங்கினார்கள்.

கூடிப் பேசுங்கள்:
உங்கள் ஊர் ஏரிக்கு எந்தப் பறவைகள் வருகின்றன? அவற்றின் பெயர்களை எழுதுங்கள்.
உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்?