ஒரே பெட்டி, பல சுங்க எண்கள்

நம் குமரி மாவட்டம் ரப்பர் விளையும் பூமி. ரப்பர் வாஷரோடு மற்ற வாகன உதிரிபாகங்களையும் சேர்த்துத் தூத்துக்குடி துறைமுகம் வழியாக ஏற்றுமதி செய்ய நினைக்கும் வணிகர்கள் முதலில் கவனிக்க வேண்டியது எச்.எஸ்.என். எண்.

வாகன உதிரிபாகம் என்றாலே 8708 என எழுதுவது தவறு. கார், லாரியின் பிரேக், கிளட்ச், கியர் பாக்ஸ் 8708-இல் வரும். இருசக்கர வண்டிப் பாகங்கள் 8714. ஆனால் ரப்பர் வாஷர் 4016, புது டயர் 4011, பிஸ்டன் 8409, பேரிங் 8482, ஸ்பார்க் பிளக் 8511. இந்த எண்ணின் முதல் 6 இலக்கங்கள் பெரும்பாலான நாடுகளுக்குப் பொது. வாங்குபவர் செலுத்தும் இறக்குமதி வரியும் இதைப் பொறுத்ததே.

ஐ.இ.சி. எண் பெறுவதோடு, ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதன் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். வங்கியின் ஏ.டி. கோடைச் சுங்கத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் மூன்றிலும் பெயர், எண்ணிக்கை, மதிப்பு ஒத்திருக்கட்டும். பெட்டியில் உள்ள சரக்கு அவற்றோடு ஒத்துவராவிட்டால், 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 113-ஆம் பிரிவுப்படி பறிமுதல் செய்ய இடமுண்டு. எனவே பெட்டியைக் கட்டுமுன் ஒவ்வொரு பொருளையும் தனி வரியாக எழுதிச் சரிபார்ப்பது நலம்.