ஒலிப்பதிவும் கீபோர்டும்

கேள்வி: அரேஞ்சர் கீபோர்டின் ஸ்டைலோடு நண்பர் வாசித்த மிருதங்கப் பதிவையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், சிறிது நேரத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: ஸ்டைல் என்பது பெரும்பாலும், எந்த ஸ்வரத்தை எக்கணத்தில் எவ்வளவு பலத்தோடு ஒலிப்பது என்று கருவிக்கு இடப்படும் மிடி ஆணைகளின் வரிசையேயாதலால், வேகத்தை மாற்றினாலும் இடக்கை கார்டை மாற்றினாலும் அது உடனே கீழ்ப்படிகிறது; பதிவோ, வாசித்து முடித்த கணத்திலேயே காலமும் சுருதியும் நிலைத்துவிட்ட நாதம். கீபோர்டு நிமிஷத்துக்கு 120 அடியிலும் பதிவு 121 அடியிலும் ஓடினால், ஒரே நிமிஷத்தில் முழு அடி ஒன்று விலகிவிடும். ஆகவே நண்பரை, கீபோர்டின் மெட்ரோனோமையே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு, சிறு துண்டுகளாக வாசிக்கச் சொல்லுங்கள். 120 வேகத்தில், அட்சரத்துக்கு ஓர் அடியாக, ஆதிதாள ஆவர்த்தனம் ஒன்றுக்கு 4 விநாடி; நான்குக்குச் சரியாக 16. அவ்வளவில் துல்லியமாக வெட்டிய வேவ் கோப்பை, யமஹா ஜெனோஸ் போன்ற கருவியில் மல்டி பேடோடு இணைத்து, ஒவ்வொரு முறையும் சமத்தில் துவக்கினால், பிழை பெருக இடமிராது. ஸ்டைலின் டிரம் பாகத்தை அவசியம் அணைத்துவிடுங்கள். மனிதர் வாசித்த மிருதங்கத்தை இயந்திர டிரம்மால் மூடுவது அந்த வித்வானுக்குச் செய்யும் அநீதி. வலந்தலை ஆதார ஷட்ஜத்துக்குச் சேர்க்கப்படுவதாகையால், பாடகரின் சுருதி மாறினால் புதிதாகப் பதிவு செய்வதே உத்தமம்.