பேரப்பிள்ளை வாயை மூடிக்கொண்டால்

பத்து மாதத்தில் கிண்ணம் நிறையப் பருப்புச் சோறு சாப்பிட்ட பேரப்பிள்ளை, ஒன்றரை வயதில் நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கு இது பெரிய கவலை. வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்கும் முதல் கேள்வியே “இன்றைக்குச் சாப்பிட்டானா?” என்பதுதானே!

பெரும்பாலும் இது நோய் அல்ல. உங்கள் சமையலும் காரணம் அல்ல. முதல் பிறந்தநாளுக்குள் குழந்தையின் எடை, பிறந்தபோது இருந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அடுத்த ஓராண்டில் கூடுவது சுமார் 2 முதல் 3 கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைகிறது.

எனவே என்ன உணவு, எந்த நேரம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். அரை மணி நேரத்திற்குள் சாப்பாட்டை முடித்துத் தட்டை எடுத்துவிடலாம். “இன்னும் ஒரு வாய்” என்று கெஞ்சினாலோ, மிட்டாய் தருவதாகச் சொன்னாலோ, சோறு தண்டனையாகவும் மிட்டாய் பரிசாகவும் குழந்தைக்குத் தோன்றிவிடும்.

பலர் செய்வது இதுதான்: “சோறுதான் சாப்பிடவில்லை, பாலாவது குடிக்கட்டும்” என்று புட்டியைக் கொடுப்பது. வயிறு பாலால் நிறைந்தால் அடுத்த வேளையும் பசிக்காது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலையே நம்பியிருக்கும் குழந்தைக்கு இரத்தசோகை வரலாம். ஒரு வயதுக்குமேல் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் பால் போதும். அதையும் புட்டியில் இல்லாமல் குவளையில், சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். தாகத்திற்குத் தண்ணீரே நல்லது. நியூட்ரி-கிரேட் முத்திரையில் ‘டி’ எனக் குறித்த பானங்களில் இனிப்பு அதிகமாக இருக்கக்கூடும், அவை வேண்டாம்.

கீரையைத் துப்பிவிட்டால் கீரை பிடிக்காது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு புதிய உணவு பழக 10 முறைக்கு மேலும் ஆகலாம். ஒரு தேக்கரண்டி அளவு போதும். பிடித்த இட்லியோடு சேர்த்து வையுங்கள். தரையில் சிந்தினாலும் தன் கையாலேயே எடுத்துச் சாப்பிடட்டும்.

அந்தக் காலத்தில் நிலாவைக் காட்டிச் சோறூட்டினோம். அப்போது குழந்தை நம் முகத்தையும் பார்த்தது, கையில் இருந்த கவளத்தையும் பார்த்தது. கைத்தொலைபேசித் திரையில் மூழ்கிய குழந்தைக்கோ வயிறு நிறைந்ததுகூடத் தெரியாது.

வேர்க்கடலை, முழுத் திராட்சை, மீன் உருண்டை, கெட்டி மிட்டாய் ஆகியவை தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். மீன் உருண்டையையும் சிறு துண்டுகளாக்குங்கள். முழுக் கடலையும் கெட்டி மிட்டாயும் அறவே வேண்டாம். குழந்தை உட்கார்ந்தே சாப்பிடட்டும்.

எடை குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து வெளிறிப்போனாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, பெற்றோரிடம் சொல்லி, குழந்தையின் சுகாதாரப் புத்தகத்துடன் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.